எண்பத்திரண்டாயிரத்துக்கு ஆறு பேர்

செயற்குழுவில் எனக்கு நாற்காலி கிடையாது.
நன்கொடை நோட்டில் மட்டும் பெயர் இருக்கிறது:
நண்டுக் கம்பெனி ஜெபமாலை, ஐந்நூறு.
அந்த ஐந்நூறுக்குப் பேசுகிறேன்.

மூக்கையூர் வாலிபால் அணியிடம்
இந்த வருடம் இருப்பு எண்பத்திரண்டாயிரம்.
தூத்துக்குடி உப்புக் கம்பெனிக்கு
அது ஜெர்சி துவைக்கிற காசு.
அவர்கள் தேடுகிற ஆளையே நாமும் தேடினால்
ஒருத்தன் வருவான்,
மற்ற ஐந்து பேருக்கு அவன் நிழல்தான் சம்பளம்.

போன வருடம் அதுதானே நடந்தது?
சென்னையிலிருந்து ஆறடி நாலங்குலம்.
நாற்பதாயிரம், போக ஏசி அறை,
சாயல்குடியில் எடுத்துக் கொடுத்தீர்கள்.
எம்பி எம்பி அடித்தார், அழகுதான்.
அவர் கைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க ஆள்?
காலிறுதியில் நம் பந்து
அந்தப் பக்கத் தரையில் விழுந்ததைவிட
வலையில் விழுந்தது அதிகம்.
வலை நமக்குப் புதிதில்லை.
ஆனாலும்.

ஒரு கால் ஒடிந்த நண்டை
ஏற்றுமதிக்காரன் தள்ளி வைப்பான்.
பாதி விலை.
ஓட்டை உடைத்தால் சதை அதே சதை.
பதினாறு வருடமாக
அந்தப் பாதி விலையில்தான் என் அடுப்பு எரிகிறது.

வாலிநோக்கத்தில் சீனி இபுறாகிம் என்று ஒரு பையன்.
முழங்காலில் தையல். எம்ப முடியாது.
மூன்று அணிகள் கழித்துவிட்டன.
காலைப் பார்த்தார்கள், விரலைப் பார்க்கவில்லை.
கோணலாக வரும் பந்தை வாங்கி
தாம்பாளத்தில் வைத்ததுபோல் நீட்டுவான்.
எம்புவது அடுத்தவன் வேலை.
எட்டாயிரத்துக்கு வருவான்.
ஏழுக்கும் வருவான்,
எட்டே கொடுங்கள், கால் வலிக்கிற பிள்ளை.

அப்புறம் நரிப்பையூர் வழிவிட்டான்.
ஐந்தடி மூன்றங்குலம், லாரியில் கரி ஏற்றுகிறவன்.
பெயர்தான் அப்படி,
ஒரு பந்துக்கும் இதுவரை வழிவிட்டதில்லை.
விழுந்து எடுக்கிறவனை யாரும் போட்டோ பிடிப்பதில்லை,
அதனால் மலிவு.

இன்னொருத்தர் இலவசம்.
மைதானத்துக்கும் கடலுக்கும் நாற்பதடி,
திருவிழா நேரத்தில் கச்சான் அடிக்கும்.
வெளியூர்க்காரன் மேலே பார்த்துத் திட்டுவான்.
நம் பிள்ளைகள் தடைக்காலத்தில்
விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது
தினம் சாயங்காலம் அந்தக் காற்றிலேயே சர்வீஸ் போடட்டும்.
எவன் அறுபது நாளும் வருகிறானோ
அவனுக்குத்தான் சட்டை.
தலைவர் மச்சானாக இருந்தாலும்.

டென்சில்.
இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.
அவனை இப்போதே விட்டுவிடுங்கள்.
உப்புக் கம்பெனி முப்பதாயிரம் தருகிறது.
அடுத்த வருடம் போலீஸ் வேலை கிடைத்துப் போய்விடுவான்,
நமக்கு பிளக்ஸில் ஒரு படம் மிஞ்சும்.
ஐஸ் கரைந்த பிறகு ஏலம் கூறினால்
காக்கைதான் கேட்கும்.

டென்சில் என் அக்காள் மகன்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து அக்காள் பேசவில்லை.
அவன் வந்து பேசினான்.
'முப்பதுதானா சித்தி நான்?' என்றான்.
பழக்கதோஷம்,
எடை போடுவதுபோல் ஏற இறங்கப் பார்த்துவிட்டேன்.
சிரித்துக்கொண்டே போனான்.
சாப்பிடாமல் போனான்.

கோப்பை வருமா என்று கேட்காதீர்கள்.
அரையிறுதி வரும், அதுவரை நான் பொறுப்பு.
அன்றைக்குக் கிழக்கு ஓரத்தில்
நண்டுக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.
உப்புக் கம்பெனிச் சட்டையில் டென்சில் எம்புவான்,
இந்தப் பக்கம் வழிவிட்டான் மண்ணில் பாய்வான்.
நான் யாருக்குக் கத்தினேன் என்று
செயற்குழு விசாரிக்கக் கூடாது.